எங்கே நின்றாய், எத்தனை மணிக்கு நின்றாய்?

ஒரு தெருப்படத்தைப் பார்த்து “சூப்பர்”, “செம”, “வேற லெவல்” என்று சொல்பவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு விடியற்காலை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் போய் நின்றால் ஒரு உபயோகமும் இல்லை. “லைட்டிங் கொஞ்சம் சரியில்ல”, “காம்போசிஷன் இன்னும் நல்லா பண்ணியிருக்கலாம்” என்பதும் அப்படித்தான். குறை சொன்ன மாதிரி இருக்கும். கேட்டவர் நாளைக்கு எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இருக்காது.

வடசென்னையில் பல வருடமாகப் படம் எடுக்கிறேன். எடுத்ததை நண்பர்கள் முன்னால் வைக்கிறேன், அவர்கள் எடுத்ததற்குக் கருத்துச் சொல்கிறேன். இதில் எனக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கிறது, அதை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஸ்டுடியோவில் எடுப்பவர் விளக்கை நகர்த்தலாம். கல்யாண வீட்டில் எடுப்பவர் “சார், கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க” என்று கூப்பிடலாம். தெருவில் எடுப்பவருக்கு இரண்டுமே கிடையாது. அவர் கையில் இருப்பது எங்கே நிற்பது, எப்போது நிற்பது என்கிற இரண்டு மட்டும்தான். காம்போசிஷன் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி கால்களின் வேலை. வெளிச்சம் என்று பேசுவதில் பெரும்பகுதி கடிகாரத்தின் வேலை, சில சமயம் காலண்டரின் வேலை. அதனால் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லும் கருத்து கடைசியில் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைப் போய்த் தொட வேண்டும். தொடவில்லை என்றால் அது பாராட்டாகவோ திட்டாகவோ இருக்கலாம், எடுத்தவருக்குப் பாடமாக இருக்காது.

நாங்கள் சில பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் புது வண்ணாரப்பேட்டையில் ஒரு டீக்கடைக்குப் பக்கத்துத் திண்ணையில் கூடுவோம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், தண்டையார்பேட்டையிலிருந்து வரும் கல்லூரி மாணவி ஒருத்தி, அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டுடியோ நடத்தி மூடிவிட்ட ஒரு அண்ணன். படங்களை மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு எடுத்து வர வேண்டும் என்பது அண்ணன் போட்ட சட்டம். செல்போன் திரை தானே ஒளிரும். அதில் இருட்டான மூலைகூடத் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு மயக்கம் வரும். ஒருவர் போனில் வெளிச்சம் கூட இருக்கும், இன்னொருவர் போனில் குறைவாக இருக்கும். வெளிச்சத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் எல்லாரும் ஒரே வெளிச்சத்தில் ஒரே தாளைப் பார்க்க வேண்டாமா?

பிரிண்டைத் திண்ணையில் வைத்ததும் அண்ணன் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “மொதல்ல கண்ணு எங்க போச்சு?” நல்லா இருக்கா, இல்லையா என்ற பேச்சே அப்போது கிடையாது. ஒவ்வொருவரும் தன் கண் முதலில் எங்கே விழுந்தது, அங்கிருந்து எங்கே போனது, எங்கே மாட்டிக்கொண்டது என்று சொல்ல வேண்டும். எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இந்த ஒரு கேள்வியில் காம்போசிஷன் பற்றிய முக்கால்வாசி விஷயம் வெளியே வந்துவிடும். ஏலக்காரரைத்தான் எடுத்தேன் என்று எடுத்தவர் நினைத்திருப்பார். வரிசையாக நான்கு பேர், இடது மூலையில் வெயில் பட்ட நீல பிளாஸ்டிக் கூடைதான் முதலில் தெரிந்தது என்பார்கள். அதோடு விஷயம் முடிந்தது. அந்தக் கூடை ஏன் முதலில் தெரிந்தது என்று யோசிப்பது எடுத்தவர் வேலை.

கண் சும்மா அலைவதில்லை. சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது வெளிச்சமான இடத்துக்குப் போகும். முகம் இருந்தால் முகத்துக்குப் போகும். அப்புறம் எழுத்து. நம் ஊரில் இது பெரிய விஷயம். வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் சுவர் என்று ஒன்று இருந்தால் அதில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரோ, காதணி விழா வாழ்த்தோ, கட்சிக்காரர் பெயரோ இருக்கும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் கண் அதைப் படிக்காமல் தாண்டாது. தமிழ் தெரியாத ஊர்க்காரர் ஒருவருக்கு அதே சுவர் அழகான வண்ணப் பின்னணி. அதனால்தான் வெளியூர் போட்டிகளில் பாராட்டு வாங்கிய ஒரு படத்தை இங்கே வைத்தபோது, துறைமுகத்து நண்பர், “இந்தப் பாட்டி சிரிக்கறாங்க, பின்னாடி செத்தவரு போட்டோ இருக்குதே, அவங்க வூட்டுக்காரரா?” என்று கேட்டார். அந்தப் பாட்டிக்கும் போஸ்டருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் படம் சம்பந்தப்படுத்திவிட்டது. இரண்டு அடி வலது பக்கம் நகர்ந்திருந்தால் சம்பந்தம் அறுந்திருக்கும். நான் கேட்டதிலேயே மிக நல்ல கருத்துகளில் இது ஒன்று.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்தில் எடுத்த இன்னொரு படம். ஒரு தொழிலாளி தலையில் துணி மூட்டையோடு வருகிறார். அவர் தலைக்கு நேர் பின்னால் மின்கம்பம். அதற்கும் பின்னால் இன்னொருவர் தலை பாதி மறைந்திருக்கிறது. “மூட்ட மேல கம்பம் மொளச்சிருக்கு பாரு” என்றார் அண்ணன். உடனே ஒருவர் “க்ராப் பண்ணிடலாமே” என்றார். இந்த இடத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். க்ராப் செய்தால் ஓரத்தில் இருப்பதை வெட்டலாம். ஒருவருக்குப் பின்னால் ஒருவர் மறைவதை வெட்ட முடியாது. லென்ஸை மாற்றினாலும் போகாது. அகலமாகக் காட்டும் 28 எம்எம் போட்டாலும், கிட்டே இழுத்துக் காட்டும் 85 எம்எம் போட்டாலும், அதே இடத்தில் நின்றால் கம்பம் அதே மூட்டைக்குப் பின்னால்தான் இருக்கும், பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும், அவ்வளவுதான். எது எதை மறைக்கிறது என்பதைத் தீர்மானிப்பது நின்ற இடம் ஒன்றுதான். ஒரு அடி இடதுபக்கம் போயிருக்க வேண்டும், அல்லது முட்டி போட்டு உட்கார்ந்து மூட்டையை வானத்தின் மேல் தூக்கியிருக்க வேண்டும். “இடது பக்கம் ஒரு அடி” என்று சொன்னால் எடுத்தவருக்கு அடுத்த தடவை உடம்பில் ஒரு ஞாபகம் இருக்கும். “சப்ஜெக்ட் செபரேஷன் இல்லை” என்று சொன்னால் அது காதோடு போய்விடும்.

படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளின் மேல் வை என்கிற மூன்றில் ஒரு பங்கு விதி பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். அதைக் கருத்தாகச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

ஓரங்களைப் பற்றிச் சொல்வதை மட்டும் நிறுத்தவே மாட்டேன். தெருப்படத்தில் நடுவில் என்ன நடக்கிறது என்பதை எல்லாரும் பார்த்துவிடுவார்கள். நான்கு ஓரங்களைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அரைக் கை, கால் செருப்பு, உடம்பு இல்லாத சைக்கிள் சக்கரம் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். அண்ணன் பிரிண்டைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். அப்போது முகம், கதை எல்லாம் மறைந்து கறுப்பு வெள்ளைத் திட்டுகள் மட்டும் தெரியும். படத்தின் எடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அதில் சட்டென்று பிடிபடும். “முன்ன பின்ன எடுத்ததையும் காட்டு” என்றும் கேட்பார். ஃபிலிம் காலத்தில் ஒரு ரோல் முழுவதையும் ஒரே தாளில் காண்டாக்ட் போட்டுப் பார்த்த பழக்கம் அது. தேர்ந்தெடுத்த ஒரு படத்தை மட்டும் பார்த்தால் முடிவு தெரியும். வரிசையாக எட்டுப் படம் பார்த்தால் எடுத்தவர் நகர்ந்தாரா, ஒரே இடத்தில் நின்று பட்டனை மட்டும் அமுக்கினாரா என்பது தெரியும். கருத்துச் சொல்ல வேண்டியது அந்த நடமாட்டத்துக்குத்தான்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். நாம் படிக்கிற புகைப்படப் பாடங்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. காலையிலும் மாலையிலும் பொன்னிற வெளிச்சம், மதியம் கேமராவைப் பையில் வை என்பதை அங்கிருந்துதான் கற்றுக்கொண்டோம். சென்னை பூமத்திய ரேகைக்கு 13 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே சூரியன் கடலிலிருந்து ஏறக்குறைய நேர் செங்குத்தாக ஏறும். முதல் ஒரு மணி நேரத்தில் 13, 14 பாகை உயர்ந்துவிடும். லண்டனில் ஜூன் மாதத்தில் அதே ஒரு மணி நேரத்தில் ஏறுவது ஏறக்குறைய அதில் பாதிதான். அவர்கள் இரண்டு மணி நேரம் அனுபவிக்கிற தாழ்ந்த வெயில் நமக்கு ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. ஆகவே “கோல்டன் அவர்ல எடுத்திருக்கலாம்” என்று ஒருவருக்குச் சொன்னால் அது பாதிக் கருத்து. ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5.40 அளவில் எழும், ஜனவரிக் கடைசியில் 6.35 அளவில். “ஆறரைக்கு வந்த, அது ஜனவரின்னா சரி, ஜூன்ல ஒரு மணி நேரம் லேட்டு” என்று சொன்னால்தான் முழுக் கருத்து.

மதியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 24 வாக்கில் ஒருமுறையும் ஆகஸ்ட் 18 வாக்கில் ஒருமுறையும் சென்னையில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே இருக்காது. இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில், அதாவது நல்ல கோடையில், நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் நண்பகலில் நிழலிலேயே கிடக்கும் வடக்குப் பார்த்த சுவர்களுக்கு அந்த ஏறக்குறைய நான்கு மாதம் உச்சி வெயில் கிடைக்கும், அதுவும் சுவரை உரசிக்கொண்டு கீழே இறங்குகிற வெயில். ஜூன் மூன்றாம் வாரத்தில் ஒரு அடி நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடின் நிழல் சுவரில் ஐந்து அடிக்கு மேல் கீழே இறங்கும். பெயர்ந்த காரை, பழைய சுண்ணாம்புப் பூ வேலை, ஆணி அடித்த துளை எல்லாம் தனித்தனியாக எழுந்து நிற்கும். என்.எஸ்.சி. போஸ் ரோடு கிழக்கு மேற்காகப் போகிறது. அதன் தெற்கு வரிசைக் கட்டடங்களை ஜூன் மதியத்தில் போய்ப் பாருங்கள். “பன்னண்டு மணிக்கு யாராச்சும் எடுப்பாங்களா” என்று ஒரு படத்தைப் பார்க்காமலே தள்ளிவிடுகிற கருத்து எனக்கு வருத்தமாக இருக்கும். அது நம் ஊரின் சூரியனைப் பார்க்காமல் சொல்கிற கருத்து.

ஜார்ஜ் டவுனிலேயே தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, தங்கசாலை எல்லாம் வடக்கு தெற்காக ஓடுகின்றன. இருபக்கமும் நெருக்கமான கட்டடங்கள். அங்கே காலை ஏழு மணிக்குத் தரையில் வெயில் தேடினால் கிடைக்காது, மேற்கு வரிசை மாடிகளின் நெற்றியில்தான் இருக்கும். அந்த நேரத்தில் அங்கே எடுத்துவிட்டு “ஃபிளாட்டா இருக்கு” என்று வருத்தப்படுகிறவரிடம் சொல்ல வேண்டியது சிம்பிள். குறுக்குத் தெருவுக்குப் போ, இல்லை பத்தரை மணிக்கு மேல் வா, இல்லை மேலே பார்.

காலடிப்பேட்டைப் படம் ஒன்றை மறக்க முடியாது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபோது, புது வண்ணாரப்பேட்டையிலிருந்து வடக்கே அது தரைக்கு மேல் பாலத்தில் போக ஆரம்பித்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலை அப்போதிலிருந்து வேறு தெருவாகிவிட்டது. வரிசையாகத் தூண்கள், மேலே கான்கிரீட் கூரை. காலையில் கடல் பக்கத்துச் சந்துகளின் வாய் வழியாக மட்டும் வெயில் ரோட்டுக்குள் நுழையும். மாணவி அந்த வெயில் பட்டையை எடுத்திருந்தாள். பட்டைக்குள் பாதி நுழைந்த ஒரு பூக்காரம்மா, முதுகு நிழலில், கூடை வெயிலில். நன்றாகவே இருந்தது. ஆனால் வெயில் சாய்வாக வந்து தூணில் பட்டு அறுந்து, முகம் இருக்கிற இடத்தில் இருட்டைப் போட்டிருந்தது. ஜூன் மாதம். சூரியன் நேர் கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி எழுகிற சமயம்.

அண்ணன் பிரிண்டை வெகுநேரம் பார்த்தார். “இந்தச் சந்து நேர் கிழக்கத்தானே பாக்குது?”

“ஆமா அங்கிள். நேரா பீச்சுக்குப் போகுது.”

“அப்போ செப்டம்பர்ல வந்து எடும்மா. இருவதாந்தேதிக்கு மேல. வெயிலு சந்துல நேரா வரும், தூணுக்கு அந்தாண்ட போய் வுழும்.”

“செப்டம்பர் வரைக்குமா?”

“தெரு எங்கயும் போவாது.”

ஒரு படத்துக்கு மூன்று மாதம் தள்ளித் தேதி குறித்துக் கொடுத்த கருத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த சந்துக்கு அவள் செப்டம்பரில் போனாள். பூக்காரம்மா அந்த நேரத்துக்கு வரவில்லை, பால் கேனோடு ஒருவர் வந்தார். முழு முகமும் வெயிலில். தெரு கொடுக்கிறதைத்தானே எடுக்க முடியும்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பது பற்றிய கருத்துகளில்தான் ஆட்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் தன் முன்னால் இருக்கிற எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக, 18 சதவீதம் என்று சொல்வார்களே, அதுவாக நினைத்துக்கொள்கிறது. காசிமேட்டில் உடைத்த ஐஸ் மலை மாதிரி குவிந்திருக்கும். அதைப் பார்த்ததும் கேமரா “வெளிச்சம் ஜாஸ்தி” என்று குறைத்துவிடும். பக்கத்தில் நிற்கும் கறுத்த மனிதரின் முகம் கரியாகிவிடும். அப்படி ஒரு படத்தை வைத்து அண்ணன், ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, ஏற்றியிருக்க வேண்டும், ஐஸ் வெளுத்தால் வெளுக்கட்டும், முகம்தான் முக்கியம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அந்தப் பிரிண்டையும், ஏற்றி எடுத்த இன்னொன்றையும் படத்தில் இருந்த மீன்கார அக்காவிடமே கொண்டுபோய்க் காட்டினேன். படத்தில் இருப்பவரிடம் படத்தைக் காட்டாமல் கருத்துக் கேட்கும் வட்டம் முழுமையாகாது என்பது என் எண்ணம். அக்கா இரண்டையும் கையில் வாங்கினார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “இன்னாபா இது, வஞ்சரம் வெள்ளத்துணி கணக்கா கீது. இத்தப் பாத்தா எவன் வாங்குவான்? மீனு பளபளன்னு இருந்தாத்தான் இன்னிக்குப் பிடிச்சதுன்னு தெரியும்” என்றார். வெளிச்சத்தை ஏற்றினதில் மீன் முதுகின் நீலமும் வயிற்றின் வெள்ளியும் போய்விட்டிருந்தன. அவர் தொழிலின் நம்பிக்கையே அந்தப் பளபளப்பில் இருக்கிறது. முகமா மீனா என்று நாங்கள் பிளஸ்ஸிலும் மைனஸிலும் தீர்வு தேடிக்கொண்டிருந்தோம். தீர்வு கடிகாரத்தில் இருந்தது. சூரியன் எழுவதற்கு முன்னால் இருபது நிமிடம் வானம் முழுவதும் ஒரே மாதிரி மெல்லிய வெளிச்சம் தரும். அப்போது ஐஸும் முகமும் மீனும் ஒரே வீச்சுக்குள் அடங்கும். அந்த இருபது நிமிடத்தில் போய் நின்றால் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

முகத்தின் நிறம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்குச் சமாதானம் கிடையாது. எடிட்டிங்கில் ஷேடோவை, அதாவது இருண்ட பகுதியின் வெளிச்சத்தை, ஏற்றி, காசிமேட்டுக்காரரின் முகத்தைச் சாம்பல் பூசின மாதிரி ஆக்கிவிட்டு “டீடெய்ல் வந்திருக்கு” என்கிறார்கள். செல்போன் அதைத் தானாகவே செய்துவிடுகிறது. அண்ணன் தன் ஸ்டுடியோ நாட்களைப் பற்றிச் சொல்வார். நெகட்டிவ் மேல் பென்சில் வைத்து டச்சிங் செய்வார்களாம். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் “கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க” என்றுதான் வீட்டுக்காரர்கள் கேட்பார்களாம். ஃபிலிமும் பிரிண்டும் ஆரம்பத்திலிருந்தே வெள்ளைத் தோலுக்காகச் சரிபார்க்கப்பட்டவை. கோடக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிய ஷேர்லி கார்டில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம், அந்த முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. அந்தக் கணக்கு இன்று நம் போனுக்குள்ளும் எடிட்டிங் பழக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறது. கறுப்பு முகத்தில் விவரம் கொண்டுவர வேண்டுமானால் முகத்தை வெளுக்க வேண்டியதில்லை. பக்கவாட்டு வெளிச்சம் போதும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வியர்வையிலும் அது மின்னும், அந்த மின்னலே முகத்தின் வடிவத்தைச் சொல்லிவிடும். கருத்துச் சொல்பவர் “முகத்தை பிரைட் பண்ணு” என்பதற்குப் பதில் “வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்காதே, பக்கமாக வா” என்று சொல்லலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளில் காசிமேட்டில் படகுகள் ஒட்டிக்கொண்டு நிற்க, தார்ப்பாய் போட்டு அடியில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள். நீலத் தார்ப்பாய் வழியாக வரும் வெயில் எல்லார் முகத்தையும் நீலமாக்கிவிடும். நிறச் சாயலை மாற்றும் ஒயிட் பேலன்ஸை இழுத்துச் சரிசெய்தால் வெளியே இருக்கும் மணல் ஆரஞ்சு நிறமாகிவிடும். இதற்கும் கருத்து ஒன்றுதான். வலையை இழுக்க அவர் வெளி விளிம்புக்குச் சாயும் வரை காத்திரு.

கருத்து வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது கஷ்டம், ஆனால் அவசியம். “அன்னிக்கு மழை வந்துடுச்சு”, “அவரு திரும்பிட்டாரு” என்பதெல்லாம் பிரிண்டில் இல்லை. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990இல் கருத்துப் பரிமாற்றத்துக்கு ஒரு முறை வகுத்தார். முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்வார்கள், அடுத்து படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார், அடுத்து பார்த்தவர்கள் தீர்ப்பு கலக்காத கேள்விகளைக் கேட்பார்கள். அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் சொல்லட்டுமா என்று அனுமதி கேட்டுவிட்டு. எங்கள் அண்ணனுக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் திண்ணையில் நடப்பது ஏறக்குறைய அதே வரிசையில்தான் நடக்கிறது. என் பங்குக்கு நான் ஒன்று சேர்ப்பேன். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தை எப்படி நிரப்புவது என்று அவர்கள் சொல்கிற யோசனை மூன்று விதமாக இருக்கும், அதை எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

கேட்டதும் தள்ளிவிட வேண்டிய கருத்து என்றும் ஒன்று உண்டு. “வடசென்னை ஃபீல் வரல.” இதைச் சொல்கிறவர்கள் கறுப்பு வெள்ளை, கடுமையான கான்ட்ராஸ்ட், முறைக்கிற முகம், சாக்கடை, கேரம் போர்டு என்று ஒரு பட்டியலை மனதில் வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்தைப் பற்றிய கருத்து மாதிரி தெரியும், உண்மையில் மனிதர்களைப் பற்றிய முன்முடிவு. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன் இங்கேதான் இருக்கிறது. அதன் உயர்ந்த தூண்களுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் மல்லிப்பூ கட்டிக்கொண்டிருக்கும் படத்தை மென்மையான வெளிச்சத்தில் எடுத்து வந்தால், அது வடசென்னை இல்லையா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடிவுடையம்மன் கோவில் வாசலில் பட்டுப்புடவையோடு நிற்கும் அம்மா எந்த ஊர்? இருட்டை ஏற்று என்று யாராவது சொன்னால், எந்த மணிக்கு இருட்டாக இருந்தது என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

கடைசியாக எண்ணூர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படர்ந்தது. படகு, வலை, கரை எல்லாவற்றிலும் பிசின். மாணவி அங்கே போய் வந்து ஒரு படம் வைத்தாள். தண்ணீர் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம், அதில் ஊதா, பச்சை, பொன் நிறம் சுழிசுழியாக. தூரத்தில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். பார்த்ததும் ஒருவர் “செம கலர்” என்றார். அவள் முகம் மாறியது.

“கலரு எதுனால வந்துது?” என்றார் அண்ணன்.

“ஆயில் அங்கிள்.”

“படத்துல அது ஆயிலுன்னு தெரியலியே. கோலப்பொடி கலக்குன மாதிரி கீது.”

துறைமுகத்து நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. அழகாக இருந்தால்தான் நாலு பேர் நின்று பார்ப்பார்கள், பார்த்தபிறகு விஷயம் தெரிந்துகொள்வார்கள் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அண்ணன் வாதத்துக்குப் போகாமல், எங்கே நின்றாய் என்று கேட்டார். மேற்குக் கரையில், காலை வெயிலுக்கு எதிர்முகமாக, தண்ணீர் மட்டத்துக்குக் குனிந்து எடுத்திருக்கிறாள். அந்தக் கோணத்தில் தண்ணீர் வானத்தைத்தான் காட்டும், தன்னைக் காட்டாது. “பாலத்து மேல போ. சூரியன முதுவுல வெச்சிக்க. நேரா கீழ பாத்து எடு. மினுக்கம் போயிடும், உள்ள இருக்கறது தெரியும்” என்றார்.

மறுநாள் அவள் எடுத்து வந்ததில் வண்ணமே இல்லை. ஒரு ஃபைபர் படகின் ஓரத்தில் கறுப்புக் கோடு, அதற்கு மேல் கயிற்றைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் இரண்டு கைகள், மணிக்கட்டு வரை கறுப்பு. கண் எங்கே போனது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்த இரண்டு படங்களையும் அவள் சேர்த்துத்தான் காட்டுகிறாள், கைகள் முதலில், வண்ணம் அடுத்து. கைகள் படம் ஒன்றே போதும், இரண்டாவது எதற்கு என்று அண்ணன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அவள் பக்கம். கைகளைப் பார்த்துவிட்டு அந்தப் பச்சையையும் ஊதாவையும் பார்க்கும்போது யாரும் “செம கலர்” என்று சொல்வதில்லை. வரும் ஞாயிறும் இதே பேச்சு வரும் என்று நினைக்கிறேன்.